பையன் பார்க்கும் படலம்

"உயரம் போதாது" என்கிறார் முதலாமவர். "இன்னும் வளருவான், அம்மாவைப் பார்த்தேன், நல்ல உயரம்" என்கிறார் இரண்டாமவர். "அம்மா உயரமாக இருந்து என்ன பிரயோஜனம், அப்பா பக்கம் எல்லாம் கட்டை" என்கிறார் மூன்றாமவர், அந்த வம்சத்துக்கே அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுத்தவர் மாதிரி. பின்பக்கம் கொஞ்சம் கனம் என்று ஒரு குறை. ஓடும்போது இடது கால் வெளியே வீசுகிறது என்று இன்னொரு குறை. கை பெரிதாக இருப்பது நல்ல லட்சணம். பேசப்படுகிறவனுக்கு வயது பதினேழு. திங்கட்கிழமை அவனுக்குக் கணக்குப் பரீட்சை. பேசுகிறவர்கள் மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மூவருக்குமாக ஆறு முழங்கால் உண்டு. அதில் சத்தம் போடாமல் மடங்குவது ஒன்றுகூடக் கிடையாது.

இடம், மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே டாண்டெனாங். சனிக்கிழமை, ஷெப்லி ஓவல் மைதானம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். வேலிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, சாஸ் ஊற்றிய மீட் பை ஒரு கையிலும் குறிப்பேடு மறு கையிலுமாக நிற்கிறார்கள். கூடத்தில் பாய் விரித்து, சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு பிடி பிடித்துவிட்டு, "பெண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்களேன்" என்று கேட்ட நம் பரம்பரைக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்த மாத்திரத்தில் விளங்கிவிடும். நாம் அதற்கு வெட்கப்பட ஆரம்பித்து இரண்டு தலைமுறை ஆகிறது. (விட்டுவிட்டோம் என்று சொல்லவில்லை. வெட்கப்படுகிறோம்.) வெட்கம் என்ற தொந்தரவே இல்லாமல் அதை இரண்டு இரவு நேரலை வைபவமாக நடத்திக் காட்டுவது ஆஸ்திரேலியர்களின் சாதனை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிராஃப்ட்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, செல்லமாக ஃபுட்டி. 1859இல் மெல்பர்னில் விதி எழுதினார்கள். நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. தலைக்கு ஒன்றுமில்லை, தோளுக்கு ஒன்றுமில்லை. எந்தத் திசையிலிருந்து எவன் வந்து இடிப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஏஎஃப்எல் என்ற லீகில் பதினெட்டு கிளப்கள். டாஸ்மேனியா 2028இல் பத்தொன்பதாவதாகச் சேர இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில், அந்த டிசம்பர் 31க்குள் பதினெட்டு நிறையும் பையன்களை இந்தக் கிளப்கள் வரிசை போட்டு எடுத்துக்கொள்கின்றன. கடைசி இடத்துக்கு வந்த கிளப்புக்கு முதல் உரிமை. பையனுக்கு உரிமை இல்லையா என்றால், அதெப்படி, உண்டு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, கொடுத்த பனியனை மாட்டிக்கொண்டு சிரிக்கலாம்.

1986இல் தொடங்கிய வழக்கம் இது. முதல் ஆண்டின் முதல் பெயர் மார்ட்டின் லெஸ்லி, எடுத்தது பிரிஸ்பேன் பேர்ஸ். இந்தப் பெயரை வேலிக் கம்பி மூவரிடம் சொல்லிப் பாருங்கள், வானத்தைப் பார்ப்பார்கள். முதல் பெயர் என்பதன் மகிமை அவ்வளவுதான். ஆனால் நவம்பர் வரைக்கும் அதைவிடப் பெரிய விஷயம் அந்த நகரத்தில் எதுவும் இல்லை.

இவர்களை ரசிகர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ரசிகன் என்றால் எதையாவது ரசிக்கவேண்டும். சம்பந்தி என்பதே பொருத்தம். சீர் செய்யாத, சத்திரத்துக்கு வாடகை கொடுக்காத, பந்தியில் மட்டும் முதல் இலை கேட்கிற சம்பந்தி. "ஆண்டுச் சந்தா கட்டுகிறோமே" என்பார்கள். கட்டுகிறார்கள்தான். நாமும் கேபிளுக்கு மாதாமாதம் கட்டுகிறோம். அதற்காகச் செய்தி வாசிப்பவரின் இடுப்பளவைக் கேட்கும் உரிமை வந்துவிடுமா?

சம்பந்தி இருந்தால் ஜோசியர் இல்லாமல் முடியுமா? இவர்கள் கணிக்கிற ஜாதகத்துக்கு ஃபாண்டம் டிராஃப்ட் என்று பெயர். எந்தக் கிளப் எத்தனையாவதாக யாரை எடுக்கும் என்று ஒன்று முதல் வரிசையாகப் பலன் எழுதுவார்கள். மார்ச்சில் ஒரு பலன், ஜூனில் ஒரு பலன், டிராஃப்டுக்கு முதல் நாள் இறுதிப் பலன். ஒரு வாரம் காய்ச்சலோடு ஆடிய பையன் பதினொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கினால் 'சரிந்தான்' என்று பொருள். அவன் எங்கேயும் சரியவில்லை. வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். ஆனால் ஊர் முழுக்க அவன் சரிந்துகொண்டே இருக்கிறான். இவர்கள் அகராதியில் 'சீலிங்' என்று ஒரு சொல் உண்டு. இன்னும் எவ்வளவு உயரம் போவான் என்பதன் உச்சவரம்பு. நமக்கு உச்சவரம்பு என்றால் நிலம் ஞாபகம் வரும். அங்கே மீசை முளைக்காத பிள்ளைக்குப் போடுகிறார்கள். போட்டவருக்கு ஏதாவது உச்சவரம்பு உண்டா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் உடல் சோதனை. இருபது மீட்டர் ஓட்டம், இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து குதிப்பது, கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடுவது. இருபது மீட்டரை 2.95 விநாடியில் ஓடினவன் தேர், 3.05 ஆனவன் கட்டைவண்டி. நடுவிலுள்ள வித்தியாசம் கண் ஒருமுறை இமைக்கும் நேரம். அந்த இமைப்புக்கு மூன்று வாரம் வாக்குவாதம் நடக்கும். தோலை இடுக்கியால் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பு அளப்பதும் பல ஆண்டுகள் நடந்தது. வளரும் பிள்ளைகள் தட்டைப் பார்த்தே பயப்படுகிறார்கள் என்பது தாமதமாக உறைத்து, அண்மைக் காலத்தில்தான் லீக் அதை நிறுத்தச் சொன்னது. வேலிக் கம்பிக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அங்கே இன்னும் கண்ணாலேயே கிள்ளுகிறார்கள்.

இத்தனை கிள்ளியும் அளந்தும் கண்டது என்ன? எசெண்டன் கிளப்பின் கடவுள்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹர்டை 1990இல் 79ஆவதாக எடுத்தார்கள். காலிங்வுட்டின் டேன் ஸ்வான் 2001இல் 58ஆவது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை இருவருமே வென்றார்கள். அவர்களுக்கு முன்னால் பெயர் வாசிக்கப்பட்டவர்களில் எத்தனை பேரை இன்று நினைவிருக்கிறது? நம்மூரில் பலன் பொய்த்தால் ஜோசியர் சில நாளாவது வேறு தெரு வழியாகப் போவார். அங்கே அடுத்த திங்களே அடுத்த ஆண்டுப் பலனோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

உடம்பு முடிந்ததும் குணம். கிளப்பின் ஆளெடுப்பாளர்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா டீ போட்டுக் கொடுப்பார். தம்பி தங்கைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். பையன் சோபாவின் நுனியில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். பள்ளி ஆசிரியரிடம் விசாரிப்பார்கள், பழைய பயிற்சியாளரிடம் விசாரிப்பார்கள். நம்மூரில் தெருமுனைக் கடையில் விசாரிப்பது போல. இது அவர்கள் பிழைப்பு. சம்பளத்துக்குச் செய்கிறார்கள் என்று விட்டுவிடலாம். சம்பந்திகளுக்கு என்ன வந்தது? "நல்ல குடும்பமாம்" என்று ஒருவர் தலையாட்டுகிறார். "அப்பா அம்மா பிரிந்துவிட்டார்களாமே, கொஞ்சம் யோசிக்கணும்" என்கிறார் மற்றவர். யோசிக்கவேண்டியது இவராம். ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்த துக்கம், முன்கள ஆட்டக்காரனுக்கான ஆள்தேர்வில் ஒரு கழித்தல் குறி.

அந்தக் கழித்தல் குறியைப் போடுகிற கூட்டத்தின் குணத்தை ஒருமுறை நாமும் விசாரிக்கலாம். ஆடம் குட்ஸ், பழங்குடி வீரர். 1997 டிராஃப்டில் 43ஆவது. சிட்னி ஸ்வான்ஸுக்காக ஆடி, பிரௌன்லோ பதக்கத்தை இரண்டு முறை வென்றார். 2014இல் நாட்டின் உயர்ந்த கௌரவமான 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' ஆனார். இனவெறிச் சொல்லை இனவெறி என்று சொன்னதும், தன் குலத்தின் நடனத்தை மைதானத்தில் ஆடியதும் குற்றமாகிவிட்டன. 2015 முழுவதும், அவர் பந்தைத் தொடும்போதெல்லாம், ஊர் ஊராக, மைதானம் மைதானமாக ஊளையிட்டார்கள். அந்த ஆண்டோடு அவர் ஆட்டத்தை விட்டுப் போனார். வழியனுப்பு விழாவுக்குக்கூட வரவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2019இல், லீக் மன்னிப்புக் கேட்டது. குணம் பார்க்கிறவர்களே, உங்களை யாராவது சோபா நுனியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்களா?

இனி முறைமாப்பிள்ளை விவகாரம். தந்தை ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகன்மேல் அந்தக் கிளப்புக்கு உரிமை. அத்தை மகன், மாமன் மகள் என்று நாம் கட்டிக் காத்ததை அவர்கள் 'ஃபாதர்-சன்' என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியார் யாராவது அந்தப் பையனைக் கேட்டால், உரிமைக்காரர் ஈடான புள்ளிகளைக் கீழே வைக்கவேண்டும். முதலிடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2517, இப்படி இறங்கும் ஒரு விலைப்பட்டியலை 2015இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உறவுமுறைக்குத் தள்ளுபடி வேறு. காலிங்வுட்டின் பழைய நாயகன் பீட்டர் டேகோஸின் மகன் நிக் 2021இல் வந்தபோது, "அவனை நாம் எடுக்கப்போவதில்லை, ஆனாலும் கேட்டுவைப்போம், அவர்கள் புள்ளி கரையட்டும்" என்று மற்றக் கிளப்களின் சம்பந்திகள் கணக்குப் போட்டார்கள். வாங்க எண்ணமில்லாமல் விலை ஏற்றிவிடுகிறவனுக்கு நம் சந்தைகளில் ஒரு பெயர் உண்டு. அச்சில் போடமுடியாது.

'தாய்வீட்டு ஏக்கம்' என்று ஒரு நோயையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் ஆறு மாதம் கழித்து அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் புகுந்த வீடு என்ன பேசுமோ அதை அப்படியே பேசுவார்கள். தெற்கு ஆஸ்திரேலியப் பையன் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ், 2021இன் முதல் தேர்வு. மெல்பர்னில், தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கிளப்பில், ஓர் ஆண்டு இருந்தான். ஊருக்குப் போகவேண்டும் என்றான், போனான். பத்தொன்பது வயது. அதன்பின் நார்த் மெல்பர்ன் ஆட்களுக்கு அவன் துரோகி. பந்தைத் தொட்டால் கூச்சல். பதினெட்டு வயதில் கேட்காமல் கொள்ளாமல் வேறு மாநிலத்துக்கு அனுப்பப்பட்டவன் வீட்டை நினைப்பது குணக்கேடு. இவர்கள் மட்டும் பிறந்த தெருவிலேயே வீடு வாங்கி, அம்மா கையால் ஞாயிறு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து இதைச் சொல்வார்கள்.

தோற்பதற்கு ஏங்குகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். 2023ஐச் சொல்கிறேன். விக்டோரியாவின் வடக்கே டோங்காலா என்ற சிற்றூர்; அங்கே ஹார்லி ரீட் என்ற பையன். அந்த ஆண்டு பிறக்கும்போதே முதல் பெயர் அவனுடையது என்று முடிவாகிவிட்டது. அவனை அடைய ஒரே வழி கடைசி இடம். அதற்குப் போட்டி போட்டவை பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் நார்த் மெல்பர்னும். அவை இரண்டும் மோதும் ஆட்டத்துக்கு ஹார்லி ரீட் கோப்பை என்றே பட்டப்பெயர் விழுந்தது. ஜூன் மாதம் வெஸ்ட் கோஸ்ட் சிட்னியில் 205க்கு 34 என்று தோற்றது. 171 புள்ளி வித்தியாசம். அழவேண்டிய இடத்தில் சிலர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள்.

சீசன் முடிய இரண்டு வாரம். யாரும் எதிர்பாராமல் வெஸ்ட் கோஸ்ட் மெல்பர்னில் வந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸை வென்றுவிட்டது. அந்த ஆண்டு அவர்கள் கண்ட மூன்றாவது வெற்றி. பதினொரு மாதம் பயிற்சி எடுத்து, எலும்பு முறிந்து, ஊர்ச் சிரிப்பைத் தாங்கி, கடைசியில் ஒரு ஆட்டம் ஜெயித்துக் கட்டிப்பிடித்துக்கொண்ட பையன்களைப் பார்த்து அவர்கள் கட்சிக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். கெடுத்துவிட்டார்களே பாவிகள்! நல்லவேளை, அடுத்த வாரம் நார்த் மெல்பர்ன் இருபது தொடர் தோல்விக்குப்பின் ஹோபார்ட்டில் கோல்ட் கோஸ்ட்டை வென்று தொலைத்தது. இப்போது ஒப்பாரி அந்த வீட்டில். இரண்டுக்கும் மூன்று மூன்று வெற்றி. புள்ளி விகிதத்தில் மோசமான வெஸ்ட் கோஸ்ட்டுக்குக் கடைசி இடம், அதாவது முதல் பெயர். ஹார்லி ரீட் நாட்டைக் குறுக்கே கடந்து பெர்த் போனான். அவன் பெட்டி கட்டுவதற்கு முன்பே எப்போது திரும்பி வருவான் என்று விக்டோரியாவில் விவாதம் தொடங்கியிருந்தது.

ரசிகன் தோல்விக்கு ஏங்கினால் கிளப் சும்மா இருக்குமா? மெல்பர்ன் கிளப்பின் 2009 கதை பெருங்கதை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் வெல்லாமலிருந்தால் கூடுதல் தேர்வு கிடைக்கும் என்று அப்போது ஒரு விதி. வென்றுவிடாமல் கவனமாக இருந்தார்கள் என்று சந்தேகம் எழுந்து, நீண்ட விசாரணைக்குப்பின் 2013இல் தீர்ப்பு வந்தது: கிளப் வேண்டுமென்றே தோற்கவில்லை; அபராதம் ஐந்து லட்சம் டாலர். நிர்வாகி ஒருவருக்கும் அப்போதைய பயிற்சியாளருக்கும் தடை. திருடவில்லை, ஆனால் பொருளைத் திருப்பிக் கொடு என்று மரத்தடிப் பஞ்சாயத்தில்கூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. அப்படித் தோற்காமல் தோற்றுச் சம்பாதித்த முதல் இரண்டு பையன்கள் டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். ஸ்கல்லி இரண்டு ஆண்டில் பெரும்பணத்துக்குப் புதிய கிளப் போனான். காசுக்கு விலைபோனவன் என்று வைதார்கள், வைதவர்கள் தங்கள் சம்பளத்தை அனாதை இல்லத்துக்கு எழுதிவைத்தவர்கள் போல. டிரெங்கோவை இருபது வயதில் கேப்டனாக்கினார்கள். லீக் வரலாற்றிலேயே இளைய கேப்டன். பெரியவர்கள் உடைத்து வைத்த வீட்டை நிமிர்த்தும் வேலையைச் சின்னப் பையன் தோளில் ஏற்றினார்கள். பாத எலும்பு விட்டுப்போயிற்று. அந்த 2009 டிராஃப்டில் மூன்றாவதாக வேறு கிளப்புக்குப் போனவன் பெயர் டஸ்டின் மார்ட்டின். இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான பதக்கத்தை மூன்று முறை வாங்கியவன். முதல் இரண்டு பேர் செய்த குற்றம் அவனாக இல்லாமல் போனது.

இந்தக் குற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது. 2008இல் ஜாக் வாட்ஸ் முதல், நிக் நைட்டனூயி இரண்டாவது. மறு ஆண்டு ஜூனில், அரசியின் பிறந்தநாள் விடுமுறை ஆட்டத்தில், பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வாட்ஸை எம்சிஜி மைதானத்தில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் இறக்கினார்கள். காலிங்வுட் ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமுக்கினார்கள். அந்தப் படம் பத்தாண்டு அவனைத் துரத்தியது. 174 ஆட்டம் ஆடினான். ஏமாற்றம் என்று பெயர். 2004இல் ரிச்மண்ட் நான்காவதாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது, ஹாதோர்ன் ஐந்தாவதாக லான்ஸ் ஃபிராங்க்ளினை. ஃபிராங்க்ளின் ஆயிரம் கோலைத் தாண்டினார். ஒவ்வொரு கோலுக்கும் ரிச்மண்டில் ஒருவர் எழுந்து டாம்ப்ளிங் பெயரைச் சொல்லிக் காறினார். பட்டியலில் பெயரை எழுதியது டாம்ப்ளிங்கா? கிளப்பின் மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுதினார்கள். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

இப்போது டாம் பாய்ட். 2013இன் முதல் தேர்வு. ஓர் ஆண்டுக்குப்பின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவனை ஏழு ஆண்டுக்கு, ஏறத்தாழ எழுபது லட்சம் டாலருக்கு வாங்கியது. பத்தொன்பது வயது. கொடுத்தவர்கள் பெரியவர்கள்; வசவு அவனுக்கு. ஒவ்வொரு வாரமும் எழுபது லட்சத்தை அவன் உதைத்த பந்துகளால் வகுத்து விலை சொன்னார்கள். 2016இல் புல்டாக்ஸ் 1954க்குப்பின் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. அந்த இறுதிப்போட்டியில் அவன் மூன்று கோல். கடைசிக் கால்பகுதியில் வெகு தூரத்திலிருந்து உதைத்து உருண்டு உருண்டு உள்ளே போன அந்த ஒன்று உட்பட. அறுபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பைத் தீர்த்து வைத்தவன். அன்று அவனை "கண்ணே" என்றவர்கள் அடுத்த ஆண்டே "தூங்குமூஞ்சி" என்றார்கள். மனச்சோர்வு என்று சொல்லி அவன் ஒதுங்கி நின்றபோது, "இவ்வளவு சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன சோர்வு" என்று கேட்டார்கள். 2019 மே மாதம், இருபத்து மூன்று வயதில், வரவேண்டிய மிச்சப் பணத்தையும் விட்டுவிட்டு, போதும் என்று எழுந்து போனான். மொத்தம் 61 ஆட்டம். வேலிக் கம்பி இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது: ஆட்டத்துக்கு எவ்வளவு விழுந்தது?

பேடி மெக்கார்ட்டின் அதற்கடுத்த ஆண்டின் முதல் தேர்வு. எடுத்தது செயிண்ட் கில்டா. இரண்டாவதாகப் போன கிறிஸ்டியன் பெட்ராக்கா 2021 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர். மெக்கார்ட்டினுக்குத் தலையில் அடி, மீண்டும் அடி, மீண்டும் அடி. 35 ஆட்டத்தோடு 2019இல் அந்தக் கிளப் அவனை விடுவித்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தி, நினைவு தடுமாறி, இருட்டறையில் கிடந்த மாதங்களையும் தாண்டி, 2022இல் சிட்னிக்காகத் திரும்பி வந்து தன் சொந்தத் தம்பியோடு இறுதிப்போட்டி ஆடினான். 2023இல் மறுபடி அடி. இருபத்தேழு வயதில் ஆட்டம் முடிந்தது. இந்தக் கதையை அறிந்த ஒருவன் அதற்கு என்ன பெயர் வைப்பான்? அங்கே 'பஸ்ட்' என்று பெயர். தேறாத சரக்கு. ஒரு மனிதனின் மூளை கலங்கியது. இவர்களுக்கு அது வீணாய்ப்போன வரிசை எண். "பெட்ராக்காவை எடுத்திருக்கலாம்" என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எனக்கு வருகிற கோபத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியர் கத்தரிப்பார். ஆகவே உள்ளேயே வைத்துக்கொள்கிறேன். மாட்டுச் சந்தைக்காரன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், துண்டுக்குள் விரலைத் தொட்டு விலை பேசுகிறான். ஆனால் வாங்கிய மாட்டுக்கு நோவு வந்தால் ராத்திரி முழுக்க லாந்தரோடு தொழுவத்தில் உட்கார்ந்திருப்பவனும் அவன்தான். அவனோடு இவர்களை ஒப்பிட்டுப் பேசினால் அவனுக்கல்லவா அவமானம்?

இதெல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று கேட்பீர்கள். சிட்னியின் ரக்பி லீக் இதேபோல் ஒரு டிராஃப்டை வைத்தபோது வீரர்கள் வழக்குப் போட்டார்கள். ஒருவன் எங்கே வேலை செய்வது என்பதை இப்படி முடிவுசெய்வது நியாயமற்ற தொழில்தடை என்று ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1991இல் சொல்லிவிட்டது, டிராஃப்ட் செத்தது. ஏஎஃப்எல் டிராஃப்ட் பிழைத்திருப்பது வீரர் சங்கம் ஒப்புக்கொண்டிருப்பதால். சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்து இடம் பிடித்தவர்கள். சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறானே, அவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

மண்டபக்காரர் என்று ஒருவர் இருக்கிறார், அவரையும் சொல்லிவிடவேண்டும். லீக்தான் அவர். பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் வாடகை வாங்குகிறவர். ஒரே இரவில் முடிந்துகொண்டிருந்த பெயர் வாசிப்பை 2018இல் இரண்டு இரவாக்கினார். நடுவில் வரிசை எண்களை மேடையிலேயே மாற்றி விற்றுக்கொள்ளவும் வழி செய்தார். மண்டபத்துக்கு அதிகாரபூர்வப் பந்தயக் கூட்டாளியும் உண்டு. முதலில் கூப்பிடப்போவது யாரை என்பதற்கே பந்தயக்காரர்கள் விலை குறிக்கிறார்கள். வாக்குரிமை வராத பிள்ளையின் தலையில் பந்தயம். சூதாட்ட விளம்பரங்களை மூன்று ஆண்டுக்குள் படிப்படியாக ஒழிக்கச் சொல்லி, பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2023 ஜூனில் 31 பரிந்துரைகள் கொடுத்தது. அந்த டிசம்பரில் மர்ஃபி புற்றுநோயில் இறந்துபோனார். எல்லாக் கட்சிக்காரர்களும் உருக்கமாக இரங்கல் வாசித்தார்கள். அறிக்கை அலமாரிக்குப் போனது.

ஷெப்லி ஓவலில் மூன்றாம் கால்பகுதி. நம் பையன் பின்னோக்கி ஓடியபடியே உயரப் பந்துக்குத் தாவுகிறான். கீழே வரும்போது எவனுடைய காலிலோ இவன் கால் இடறித் தவறான பக்கம் மடிகிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். அந்தச் சத்தம் வேலி வரைக்கும் கேட்கிறது. மைதானத்தின் மறுகோடியில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

மூவரும் மீட் பையைத் தின்பதை நிறுத்துகிறார்கள்.

"போச்சு. பன்னிரண்டு மாதம்."

"எனக்கு அப்பவே தெரியும். அந்த இடது கால் வீசுவதைச் சொன்னேனா இல்லையா?"

முதலாமவர் குறிப்பேட்டில் ஒரு வரியை அடிக்கிறார். பேனாவை மூடப்போனவர் எதையோ நினைத்துக்கொண்டு நிமிர்கிறார்.

"தம்பி ஒருத்தன் இருக்கானாமே?"

"ஆமாம். அதோ, ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு ஓடுகிறானே, அவன்தான்."

"வயசு என்ன?"

"பதினாலு."

"ஓட்டம் மோசமில்லை" என்கிறார் மூன்றாமவர்.